பென்சில் எழுத்தை அழிக்கிறவர்

எலாதியோ பெந்தன்கோர் பிள்ளை வளர்ப்புப் புத்தகங்கள் மட்டும்தான் விற்பார். துப்பறியும் கதை, சமையல், கால்பந்து என்று யாராவது மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். "அடுத்த கடைக்குப் போங்க" என்று கையைக் காட்டிவிடுவார். மொந்தெவிதேயோ நகரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகக் கடைகள் நூறு தேறும். இப்படி ஒரு பிடிவாதக்காரர் இவர் ஒருவர்தான். அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. நான் சீஸும் ஆலிவும் விற்கிறவள், பெயர் நீபியா. பதினாறு வருடமாக வெயிலிலும் ஆற்றங்கரைக் குளிர்காற்றிலும் அந்த மனிதர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் சொல்வது பிடிக்காதவர்கள் வேறு ஆளைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் சின்ன வயதுத் தம்பதிகள். மார்பில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, அக்குளில் வெந்நீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு, கையில் மாத்தே என்கிற கசப்பு இலைத் தேநீர்க் குவளையோடு, ராத்திரி தூக்கமில்லாத கண்களோடு வந்து நிற்பார்கள். எலாதியோ டாக்டர் மாதிரி கேள்வி கேட்பார்.

"ஐயா, பையனுக்கு ரெண்டு வயசு. தொட்டதுக்கெல்லாம் தரையில விழுந்து கத்துறான்."

"எப்போ கத்துறான்?"

"சாயங்காலம்தான் அதிகம்."

"சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணிட்டிருப்பீங்க?"

புருஷன் பெண்டாட்டியைப் பார்ப்பான். அவள் தன் கையிலிருக்கும் போனைப் பார்ப்பாள்.

"இந்த நீலப் புத்தகம். நாலாவது அத்தியாயம் மட்டும் படிங்க. மிச்சத்தையும் படிச்சீங்கன்னா பயந்துடுவீங்க. படிச்சு முடிச்சதும் மூடி வெச்சிட்டுப் பிள்ளையைப் பாருங்க. சரியா?"

இதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது. "எங்கம்மா ஏழு பேரை வளத்தா. ஒரே ஒரு புத்தகம்தான் வெச்சிருந்தா. அவ கால் செருப்பு!" என்று என் மேசையிலிருந்தே கத்துவேன்.

"அதான் நீ இப்படி இருக்கே, நீபியா" என்பார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மேசைக்கு அடியில் ஓர் ஆப்பிள் பெட்டி இருந்தது. அதில் ஏழு புத்தகங்கள். விற்பனைக்கு இல்லை, அவருக்குப் பிடித்தவை. மருத்துவச்சி ஒருத்தி எழுதியது ஒன்று. வானொலியை அணைத்துவிட்டு ஒரு வருடம் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்ட குடும்பத்தைப் பற்றி ஒன்று. பெண் குழந்தையைத் தனியாக வளர்க்கும் அப்பன்மாருக்கு என்று ஒன்று, அதற்கு அட்டையே கிடையாது. மற்றவை எனக்கு நினைவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே பச்சைத் துணி அட்டை போட்ட ஒன்று இருக்கும். பிள்ளை பேசும்போது எப்படிக் கேட்பது என்பதுதான் அதன் விஷயம். பேச வாய் எடுத்த பிள்ளைக்குக் குறுக்கே பேசாமல் இருப்பது பற்றியே இருநூற்றுச் சொச்சம் பக்கம். அந்தக் காலத்தில் நிறைய அச்சடித்த புத்தகம் என்பதால் பழைய பெட்டிகளில் மாதம் ஒன்றாவது வந்துவிடும். வந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். "இன்னொண்ணு வந்துடுச்சு" என்று எனக்குக் காட்டுவார்.

அவர் படித்தவர் இல்லை. முப்பது வருடம் பேருந்தில் சீட்டுக் கிழித்தவர். மனைவி ரமோனா மூளைக் காய்ச்சலில் நாலே நாளில் போனபோது மகள் நொயேலியாவுக்கு எட்டு வயது. இவருக்கு அவள் தலையை வாரத் தெரியாது, அவள் அழுதால் என்ன செய்வதென்று தெரியாது. இதே சந்தையில் ஒரு புத்தகம் வாங்கிப் படித்தார். பிறகு இன்னொன்று. வேலை முடிந்து வந்து தினமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்திருக்கிறார். இப்படித்தான் அந்த வியாபாரமே ஆரம்பித்தது. பெண்ணைக் குறையில்லாமல் வளர்த்துவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார். அடித்ததில்லை, திட்டியதில்லை, பசியோடு படுக்க வைத்ததில்லை.

நாட்டில் வங்கிகள் கதவைச் சாத்திய வருடத்தில் நொயேலியா ஸ்பெயினுக்குப் போனாள். அப்போது அவளுக்கு இருபது. அந்த வருடம் யார் வீட்டில்தான் போகவில்லை? ஆனால் மற்றவர்களுடைய பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டார்கள். நொயேலியா வருடத்துக்கு இரண்டு முறை கூப்பிடுவாள். இவர் பிறந்தநாளுக்கு ஒன்று, வருடக் கடைசியில் ஒன்று. "நல்லா இருக்கேன்ப்பா. நீங்க? குளிரா அங்க?" அவ்வளவுதான். கூப்பிட்ட மறு ஞாயிறு இவர் எனக்கு அதைச் சொல்வார். சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகும். சண்டை எதுவும் நடக்கவில்லை என்பார். நடந்திருந்தால் சமாதானம் பேசியிருக்கலாமே என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஒரு துண்டு சீஸை வெட்டி நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

போன டிசம்பரில் அவள் கூப்பிட்டபோது கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னாள். அவளுக்கு முப்பத்தாறு வயது, முதல் பிள்ளை. எலாதியோவுக்குக் கை கால் ஓடவில்லை. பச்சைப் புத்தகத்தில் இருப்பதிலேயே சுத்தமான பிரதியைத் தேடி எடுத்துத் தபாலில் அனுப்பினார்.

"உள்ள என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"உள்ளயா? ஒண்ணும் எழுதல."

"பெத்த பொண்ணுக்கு அனுப்புறீங்க, ஒரு வரி எழுதக் கூடாதா?"

"எழுதினா அப்புறம் அந்தப் புத்தகம் விலை போகாது, நீபியா."

சத்தியமாக இதைத்தான் சொன்னார். சொன்னபிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்கும். புத்தகங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

புத்தகத்தில் யாராவது எழுதியிருப்பது அவருக்கு ஆகவே ஆகாது. வந்த புத்தகம் எதுவானாலும் முதல் வேலை பென்சில் கோடுகளை அழிப்பதுதான். பிள்ளை வளர்ப்புப் புத்தகத்தில்தான் ஜனங்கள் அதிகம் கிறுக்குகிறார்கள். அடிக்கோடு, ஆச்சரியக்குறி, "இவன் அப்படியே என் மாமியார்" என்று குறிப்பு. ரப்பர் காகிதத்தைத் தேய்த்துவிடும் என்று முந்தின நாள் ரொட்டியின் நடுப்பகுதியைப் பிய்த்து உருட்டி அதைக்கொண்டுதான் தேய்ப்பார். ரொட்டி கொண்டுவருவது நான். தேய்க்கும்போது எழுத்தைப் படிக்க மாட்டார். அதில் கறாராக இருப்பார். "இதெல்லாம் அடுத்தவங்க வீட்டு விஷயம். நமக்கெதுக்கு?" என்று சொல்லி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து வெறும் அழுக்காகத்தான் தெரியும். பொடி உதிர உதிரத் தேய்த்து, ஊதிவிட்டு, அடுத்த பக்கம்.

இனிச் சொல்லப்போவதில் என் தப்பும் இருக்கிறது. மறைக்கப்போவதில்லை.

ஜூலை மாதம் முதல் ஞாயிறு. அவர் மாத்தேவுக்கு வெந்நீர் வாங்க காபியும் மதுவும் விற்கும் மூலைக் கடைக்குப் போயிருந்தார். நான் ஒரு கிழவிக்குச் சீஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். மெல்லிசா வெட்டு, அவ்வளவு மெல்லிசா வேண்டாம் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பெண் வந்து, "எலாதியோ ஐயா இல்லையா? இதைக் குடுத்துடுங்க. பில்பாவோவுல இருந்து நொயேலியா குடுத்தனுப்பினா. நான் ஊருக்கு லீவுல வந்தேன். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். சரி சரி என்று வாங்கி, எண்ணெய்க் கை என்பதால் பையிலிருந்து நழுவிய புத்தகத்தை அப்படியே அவருடைய பெட்டியின் மேல் வைத்தேன். காலையில்தான் யாரோ வீடு காலி செய்து அந்தப் பெட்டி நிறையப் புத்தகம் விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் வருவதற்குள் மழை வந்துவிட்டது. தார்ப்பாயை இழுத்துக் கட்டவும், சீஸை மூடவும், பறக்கிற காகிதங்களைப் பிடிக்கவும் ஓடியதில் சுத்தமாக மறந்துபோனேன்.

மழை விடவில்லை. சந்தையில் ஈ காக்கை இல்லை. எதிரே ஒருத்தி மழை நாளுக்கென்றே சுடும் மாவு ரொட்டியை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள். எலாதியோ தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"இன்னொண்ணு வந்துடுச்சு பாரு" என்று பச்சை அட்டையைக் காட்டினார். பிரித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "யாரோ புத்தகம் பூரா எழுதித் தள்ளியிருக்காங்க. ஓரத்துல ஒரு விரல் இடம் விடல. ரொட்டி இருக்கா?"

நானே எடுத்துக் கொடுத்தேன். இந்தக் கையால்தான் கொடுத்தேன். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

ஒன்றரை மணி நேரம் தேய்த்திருப்பார். நான் பொரித்த ரொட்டி வாங்கி வந்து அவருக்கும் ஒன்று வைத்தேன். சாப்பிடக் கை துடைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, இன்னும் ஏதாவது மிச்சமா என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதையே மறுபடி மறுபடி படித்தார். என்ன அண்ணே என்றேன். புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

அச்சு முடிந்த வெற்றுப் பக்கத்தில் பென்சிலில் இப்படி இருந்தது: "அப்பா, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். எதிரில் உட்கார்ந்து சொல்ல எனக்கு ஒருநாளும் வரவில்லை. பதில் எழுத வேண்டாம். படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். குழந்தை வருவதற்குள் கூப்பிட்டால் சந்தோஷப்படுவேன். நொயேலியா."

அப்போதுதான் எனக்கு அந்தப் பெண்ணும் பிளாஸ்டிக் பையும் நினைவுக்கு வந்தன. அவர் தபாலில் அனுப்பிய அதே பிரதிதான் திரும்பி வந்திருந்தது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மேசை மேலெல்லாம் கருத்த ரொட்டிப் பொடி கிடந்தது. அதைக் கையால் கூட்டிக் கூட்டி ஒரே இடத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்து ஏதாவது எடுக்க முடியும் என்பதுபோல.

அடுத்த ஞாயிறு ஒரு விளக்கோடு வந்தார். பக்கத்தைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் பென்சில் அழுத்திய பள்ளம் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கண் அவர் கண்ணைவிடப் பரவாயில்லை. வியாபாரத்தை விட்டுவிட்டு நானும் உட்கார்ந்தேன். நொயேலியா அழுத்தி எழுதுகிற ஆள் இல்லை. ஓரிடத்தில் "டீச்சர்". ஓரிடத்தில் "அம்மாவின் கோட்டு". மூன்று பக்கம் தள்ளி "பன்னிரண்டு வயதில்". அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வயதில் என்ன? எலாதியோவுக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தார். அந்த வயதில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள் என்பதுதான் அவருக்கு நினைவு.

முழுசாகக் கிடைத்தது ஒரே ஒரு இடம்தான். பிள்ளை பேச வரும் நேரம் பெற்றவருக்கு வசதியான நேரமாக இருக்காது என்று அச்சில் இருந்த வரிக்குப் பக்கத்தில். நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். "சொல்ல வந்து மேசைக்கு அந்தப் பக்கம் நின்றேன். நீங்கள் படித்துக்கொண்டிருந்தீர்கள். முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு தூங்கப் போனேன்."

அவர் விளக்கை அணைத்தார். "அன்னிக்கு நான் படிச்சிட்டிருந்ததும் இதே புத்தகமாத்தான் இருக்கும்" என்றார்.

அன்றைக்கே கூப்பிடச் சொன்னேன். கேட்கவில்லை. என்னவென்று சொல்வது, எழுதியதையெல்லாம் ரொட்டியால் துடைத்துவிட்டேன் என்றா என்று கேட்டார். மூன்றாவது ஞாயிறு வந்து பார்த்தால் ஆப்பிள் பெட்டியின் ஏழு புத்தகங்களும் மேசைமேல் விரித்துக் கிடக்கின்றன. வளர்ந்த பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது பற்றி எதில் வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார். பழுப்புத் தாளில் குறிப்பு வேறு எடுத்திருக்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். "இதுக்கும் புத்தகமா? அங்க ஒருத்தி வயித்துல பிள்ளையோட போனைப் பாத்துட்டு உக்காந்திருக்கா. இங்க நீங்க படிச்சிட்டிருக்கீங்க! இன்னும் படிச்சிட்டிருக்கீங்க!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. எலாதியோ கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவருக்கு என்னை விட்டால் பேச்சுத்துணைக்கு யார் இருக்கிறார்கள்? அதையும் கெடுத்துக்கொண்டேனே என்று இருந்தது.

நான்காவது ஞாயிறு வந்தார். கடை விரிக்கவில்லை. நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு, போனை ஆலிவ் ஜாடிகளுக்கு நடுவே சாய்த்து வைத்தார். "நீ பக்கத்துல இரு" என்றார். மணி பன்னிரண்டு. அங்கே சாயங்காலம் ஐந்து. காது சரியில்லாததால் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா?"

"நொயேலியா."

"படிச்சீங்களா?"

வேறு எதுவும் கேட்கவில்லை அவள். படித்தேன் என்று சொல்லிவிட்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. தலையைக்கூட ஆட்டிக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல. அழிச்சிட்டேன். கடைக்கு வந்த புத்தகம்னு நினைச்சு, பாக்காமலே அழிச்சிட்டேன். கடைசிப் பக்கம்தான் மிச்சம். அதைப் பாத்ததுக்கப்புறம்தான் தெரிஞ்சது."



"நாலு மாசம் எழுதினேன்ப்பா."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாது."

"ஆமா. தெரியாது."

"திரும்ப எழுதச் சொல்லாதீங்க. எனக்கு வராது. எழுதி முடிச்சதும் அது என்னை விட்டுப் போயிடுச்சு. வாயால சொல்லவும் வராது."

"சொல்ல மாட்டேன்."

பழுப்புத் தாள் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. மேல் முனை வெளியே தெரிந்தது. எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை.

"குழந்தை எப்போ?" என்று கேட்டார்.

"பொறந்து பத்து நாள் ஆச்சு. முன்னாடியே வந்துட்டா."

"பொண்ணா?"

"பொண்ணு."

"என்ன பேர் வெச்சிருக்கே?"

அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுதது. பச்சைக் குழந்தை அழுகை, கம்மலாக, விட்டு விட்டு. "இருங்க" என்று சொன்னாளோ என்னவோ, சரியாகக் கேட்கவில்லை. போன் எதன் மேலோ வைக்கப்படும் சத்தம். காலடிச் சத்தம். அப்புறம் தூரத்தில் அவள் குரல்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. ஒருத்தர் வந்து அரைக் கிலோ சீஸ் கேட்டார். எலாதியோ உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினார். அந்த ஆள் மிரண்டுபோய் அடுத்த கடைக்குப் போனார்.

"வெச்சிருங்கண்ணே" என்றேன் மெதுவாக. "அவ மறந்துட்டா. இல்ல, பேச இஷ்டமில்லாம இருக்கலாம்."

"பேர் சொல்லிக் கூப்பிடுவா இல்ல? அது வரைக்கும் கேக்கறேன்."

போனுக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சந்தை இரைச்சலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு பெண் பேசுகிறாள், பாடுகிறாள், மறுபடி பேசுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. இருபது நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். அப்புறம் அழைப்பு அறுந்துவிட்டது. அவள் துண்டித்தாளா, தானாகப் போனதா தெரியாது. அவர் திரும்பக் கூப்பிடவில்லை.

"பேரைச் சொன்னாளா?" என்று கேட்டேன்.

"இல்ல. கண்ணுன்னுதான் கூப்பிட்டா. திரும்பத் திரும்ப, கண்ணு, கண்ணுன்னு." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நான் அவளை எப்பவும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், நீபியா."